வளர்ப்புப் பாம்புக்கு இரை எலி: துன்பம் குறைத்து ஆயத்தம் செய்யும் முறை

கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், பால் பைத்தான் (ball python), போவா என வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகளில் பெரும்பாலானவை எலியைத் தின்று வாழ்பவை. அவற்றுக்குக் கடையில் வாங்கிய இறைச்சித் துண்டு மாற்றாகாது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து, ஈரலிலுள்ள வைட்டமின் ஏ, தசையின் புரதம், கொழுப்பு ஆகிய அனைத்தும் ஒரே முழு உடலாக உள்ளே சென்றால்தான் பாம்பின் உடல்நலம் நிலைக்கும். ஆகவே, பதினைந்து, இருபது, சில இனங்களில் முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடிய ஒரு பாம்பை வாங்கி வருபவர், அந்த வாழ்நாள் முழுவதிலும் இறக்கப்போகும் நூற்றுக்கணக்கான எலிகளுக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார். பாம்பின் பெட்டிக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், எவ்வளவு ஈரப்பதம் வேண்டும் என்று நாள்கணக்கில் படித்துத் தெரிந்துகொள்பவர்கள், எலி எப்படி வளர்ந்தது, எப்படி இறந்தது என்று ஒரு முறைகூடக் கேட்காமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எலியும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்தான் என்ற எண்ணத்தோடு, தொடக்கம் முதல் ஊட்டும் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எந்தப் பாம்பை வீட்டில் வளர்க்கலாம், வீட்டில் விலங்குகளைக் கொல்ல யாருக்கு அனுமதி உண்டு என்பவை நாட்டுக்கு நாடு மாறுபடும். நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் அனுமதிக்காத எதையும் இந்த வழிகாட்டியை நம்பிச் செய்யக் கூடாது.

உயிருள்ள எலியை ஏன் விடக் கூடாது

பாம்பின் பெட்டிக்குள் உயிருள்ள எலியை விடுவதே இயற்கை என்று வாதிடுவோர் உண்டு. காட்டில் எலிக்கு ஓட வழியிருக்கும், ஒளிய வளையிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் இல்லை. பாம்புக்கு அன்று பசி இல்லாவிட்டால், தன்னைக் கொல்லக்கூடிய விலங்கின் மணத்துக்கு நடுவே அந்த எலி மணிக்கணக்கில் நடுங்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கும். போவா சுற்றி இறுக்கும்போது இரை மூச்சுத்திணறி இறப்பதில்லை, சில நொடிகளிலேயே அதன் இரத்த ஓட்டம் தடைப்பட்டுவிடுகிறது என்பதை 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பிடி சரியாக விழும்போது நடப்பது. இளம் பாம்போ அனுபவமற்ற பாம்போ இடுப்புப் பக்கமாகப் பிடித்துவிட்டால் சாவு நீண்டுகொண்டே போகும்.

இதில் பாம்புக்கும் ஆபத்து உண்டு. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை, உளி போன்ற கூர்மை உடையவை. இரவு முழுதும் பெட்டிக்குள் விடப்பட்ட எலி, பசியில்லாமல் சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகைக் கடித்து, முள்ளெலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. கண்ணிலும் வாயிலும் ஏற்படும் கடிக்காயங்கள் சீழ்பிடித்துப் பாம்பின் உயிரையே எடுப்பதுண்டு. இறந்த எலியைக் கொடுப்பதால் இரண்டு விலங்குகளும் காக்கப்படுகின்றன.

எலி உணர்வதை நாம் காண்பது எப்படி

எலி கத்தவில்லை என்பதால் அதற்கு வலியில்லை என்று கொள்வது பெரும் பிழை. எலிகள் பேசுவதில் பெரும்பகுதி மனிதக் காது எட்டும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நிகழ்கிறது. அச்சமுற்ற பெரிய எலி (சுண்டெலியைவிடப் பெரிய, rat எனப்படும் இனம்) 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீண்ட ஒலி எழுப்புகிறது. அதே எலி விளையாடும்போதும், பழகிய கை கிச்சுகிச்சு மூட்டும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் குறுகிய ஒலிகளை எழுப்புகிறது. இரண்டும் நமக்குக் கேட்பதில்லை. பக்கத்துக் கூண்டிலிருக்கும் எலிகளுக்குக் கேட்கும்.

காதுக்கு எட்டாததைக் கண்ணால் அறிய வழி உண்டு. சுண்டெலியின் முகத்தைப் பார்த்து அதன் வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னோக்கி மடிவது, மீசைமயிரின் நிலை மாறுவது ஆகிய ஐந்தையும் அது கணக்கில் கொள்கிறது. பெரிய எலியின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் இரத்தம் போன்ற செந்நிறக் கசிவு தென்பட்டால் அது பெரும்பாலும் மன அழுத்தத்தின் அல்லது நோயின் அடையாளம். எலிகளை வைத்திருப்பவர் எவரும் இந்த அடையாளங்களை நாள்தோறும் பார்க்கப் பழக வேண்டும். பின்னால் சொல்லப்போகும் எல்லாப் படிகளிலும், செய்வது சரியா தவறா என்பதை எலியின் முகமே காட்டிக்கொடுக்கும்.

படி 1: வாங்குவதா, வளர்ப்பதா என முடிவெடுத்தல்

ஓரிரண்டு பாம்புகள் மட்டும் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை ஒன்றே: உறைய வைத்த எலிகளை நம்பகமான இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வலியில்லாமல் கொல்லுவது கருவியும் பயிற்சியும் கேட்கும் வேலை. மாதத்துக்கு மூன்று எலி தேவைப்படுபவர் அந்தத் திறனைப் பெறவும் முடியாது, கைவிடாமல் வைத்திருக்கவும் முடியாது. விற்பவரிடம் எலிகள் எப்படிக் கொல்லப்பட்டன என்று நேரடியாகக் கேட்க வேண்டும். உயிரோடு உறைவிப்பானில் வைப்பவரிடமோ, கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குபவரிடமோ வாங்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்த எலியையும் பொறியில் சிக்கிய எலியையும் ஒருபோதும் பாம்புக்குக் கொடுக்கக் கூடாது. அதன் உடலில் எலிமருந்து இருக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்துகள் தின்ற எலியின் ஈரலில் நீண்ட நாள் தங்கி, அதைத் தின்னும் விலங்கையும் பாதிக்கும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியும் ஒட்டுண்ணிகளும் இருக்க வாய்ப்பு உண்டு.

பல பாம்புகள் வைத்திருப்பவர்கள், பயிற்சி பெற்று, முறையான கருவி வாங்கி, வளர்ப்பில் இறங்கலாம். அவர்களுக்காகவே அடுத்த மூன்று படிகள். உறைந்த எலி வாங்குபவர்கள் ஐந்தாம் படிக்குச் செல்லலாம். ஆனால் நான்காம் படியை அவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். விற்பவரிடம் என்ன கேட்பது என்பது அப்போதுதான் தெரியும்.

படி 2: எலிகளுக்கு வாழத்தக்க வாழ்வு கொடுத்தல்

சில வாரங்களே வாழப்போகிறது என்பதற்காக ஓர் எலியை நாற்றமடிக்கும் பெட்டியில் அடைத்து வைப்பதை நியாயப்படுத்த முடியாது. நீண்ட நாள் வாழ வேண்டிய தாயெலிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அறையின் வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். தரையில் காகிதத் துணுக்கோ ஆஸ்பென் மரச்சீவலோ இடலாம்; தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரச்சீவல்களின் எண்ணெய் மூச்சுக்குழலை உறுத்தும். மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி உங்கள் மூக்கில் ஏறினால், அந்த எலிகள் அதை இரவும் பகலும் மூச்சிழுத்துக்கொண்டிருந்தன என்று பொருள். கூடு கட்டக் கிழித்த தாள், ஒளிய ஒரு சிறு பெட்டி, கொறிக்க மரத்துண்டு, எப்போதும் சுத்தமான தண்ணீர், எலிகளுக்கென்றே செய்த தீவனம் ஆகியவை அடிப்படைத் தேவைகள். நல்ல தீவனம் தின்ற எலிதான் பாம்புக்கும் நல்ல உணவு.

எலிகள் கூட்டமாக வாழ்பவை, தனியே வைப்பதே அவற்றுக்குத் துன்பம். ஆனால் ஒன்றையொன்று அறியாத வளர்ந்த ஆண் சுண்டெலிகளை ஒன்றாக இட்டால் இரத்தம் வரும்வரை சண்டையிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கு போதும். சுண்டெலியின் கருக்காலம் 19 முதல் 21 நாள், பெரிய எலிக்கு 21 முதல் 23 நாள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடியும் சினைப்படக்கூடியது என்பதால், பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரித்து, பாலூட்டி முடித்த தாய்க்கு ஓய்வு கொடுங்கள். தேவைக்கு மேல் குட்டி பிறந்தால், தேவையற்ற சாவும் கூடவே பிறக்கிறது.

கையில் எடுக்கும்போது வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ, ஒரு குழாய்க்குள் நுழையவிட்டு அந்தக் குழாயோடு தூக்கியோ எடுத்தால் எலி அஞ்சுவதில்லை. பழகிய எலி கடைசி நாளிலும் உங்கள் கைக்குப் பயப்படாது, அன்றைய அமைதிக்கு அது பெரிதும் உதவும்.

படி 3: அளவையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்

எலியின் பருமன், பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதிக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். எடைக்கணக்கு வேண்டுமென்றால், வளரும் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, வளர்ந்த பாம்புக்கு அதிலும் குறைவு. 300 கிராம் எடையுள்ள இளம் பால் பைத்தானுக்கு 30 முதல் 45 கிராம் எலி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். வளர்ப்பவர்கள் எலிக்குட்டிகளைப் பருவத்தால் அழைக்கிறார்கள்: மயிர் முளைக்காத சில நாள் குட்டி பிங்கி, மென்மயிர் படர்ந்தது ஃபஸ்ஸி, கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹாப்பர். பிறந்த சுண்டெலிக்குட்டி 1 முதல் 2 கிராம் வரையும், வளர்ந்த சுண்டெலி 20 முதல் 35 கிராம் வரையும் இருக்கும்.

இந்தத் தேர்வு கொல்லும் முறையையும் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பச்சிளம் குட்டிகள் தாயின் வயிற்றில் குறைந்த ஆக்சிஜனில் வாழப் பழகியவை. அதனால், எலிகளைக் கொல்ல அடுத்த படியில் சொல்லப்போகும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் அவை எளிதில் இறப்பதில்லை. ஆகவே, பாம்பின் அளவு அனுமதிக்குமானால், ஐந்தாறு பிங்கிகளுக்கு மாறாகச் சற்று வளர்ந்த ஓர் எலியைத் தேர்வது நல்லது என்பது என் கருத்து. சாவுகளின் எண்ணிக்கையும் குறைகிறது, இருப்பதிலேயே கடினமான சாவும் தவிர்க்கப்படுகிறது, எலும்பு உறுதிப்பட்ட எலியில் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல்.

படி 4: கொல்லுதல்

இந்தப் படியை நான் விரைந்து கடக்கப்போவதில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் விலங்குகளின் கருணைச் சாவு குறித்து வெளியிட்ட 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், எலியினங்களுக்குச் சில முறைகளை நிபந்தனைகளோடு ஏற்கின்றன, பலவற்றை அறவே மறுக்கின்றன. மறுக்கப்பட்டவை பெரும்பாலும் வீடுகளில் எளிதாகச் செய்யப்படுபவை என்பதால் அவற்றை முதலில் சொல்கிறேன்.

உயிருள்ள எலியை உறைவிப்பானில் வைப்பது கூடாது. குளிரில் எலி தூங்கிவிடுகிறது என்று சொல்வது வெறும் ஆறுதல். வெப்ப இரத்த விலங்கு தன் உடல்சூட்டைக் காக்க நெடுநேரம் போராடும், நினைவு தப்புவதற்குள் விரல்களும் வாலும் உறையத் தொடங்கும். மயிரில்லாத குட்டிகளுக்கும் இதே தடை பொருந்தும். நீரில் மூழ்கடிப்பது, பிளாஸ்டிக் பையில் கட்டி மூச்சடைக்கச் செய்வது, குளோரோஃபார்ம், ஈதர், அசிட்டோன் போன்றவற்றை முகரவைப்பது, வாகனப் புகையைப் பயன்படுத்துவது ஆகியவை எதுவும் ஏற்கத்தக்கதல்ல. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தோ, உலர்பனிக்கட்டியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடை) இட்டோ கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கும் வீட்டு முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. வாயு வரும் வேகத்தை அதில் கட்டுப்படுத்தவே முடியாது என்பதால் அதுவும் மறுக்கப்பட்டதே. உலர்பனிக்கட்டி பட்ட இடம் குளிரில் வெந்தும் போகும்.

ஏற்கத்தக்க முறைகளில் வீட்டு வளர்ப்பவருக்குப் பொருந்துவது, அழுத்தமூட்டிய சிலிண்டரிலிருந்து அளந்து செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு. இது துன்பமே அற்ற முறை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த வாயு மூக்கின் ஈரப்படலத்தில் கார்பானிக் அமிலமாக மாறி உறுத்துகிறது, மூச்சுமுட்டும் உணர்வையும் தருகிறது. நிறைத்து வைத்த வாயுவுக்குள் எலியைப் போட்டால் நினைவுள்ளபோதே கடும் வலி ஏற்படும். மிக மெதுவாகச் செலுத்தினால் அச்சம் நீளும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேகத்தில், வலி தரும் செறிவை வாயு எட்டுவதற்கு முன்பே எலி நினைவிழக்க வேண்டும். முறை முழுவதும் இந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே அமைந்துள்ளது.

ஆகவே தேவையானவை இவை: அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் பொருத்திய சிலிண்டர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் ஃப்ளோ மீட்டர், உள்ளே பார்க்கக்கூடிய மூடியுள்ள பெட்டி. ஃப்ளோ மீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாகத் திருகைத் திறப்பவர் இந்த முறையைப் பின்பற்றுவதாகக் கருதக் கூடாது. நிமிடம் ஒன்றுக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு வாயு நுழைய வேண்டும் என்று மேற்சொன்ன நெறிகள் கூறுகின்றன. பெட்டி 20 லிட்டர் கொள்ளளவு என்றால், நிமிடத்துக்கு 6 முதல் 14 லிட்டர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும்.

இனிச் செய்முறை. எலிகள் பழகிய தங்கள் கூண்டிலேயே இருக்கும்படி செய்ய முடிந்தால் அதுவே சிறந்தது. கூண்டின் மேல் வாயு நுழையும் மூடியைப் பொருத்திக்கொள்ளலாம். முடியாவிட்டால் பெட்டியில் அவற்றின் பழைய படுக்கைத் தாளைச் சிறிது இடுங்கள். ஒரே கூண்டில் வாழ்ந்த எலிகளை மட்டும், நெருக்கடியில்லாமல் வையுங்கள், அறிமுகமற்றவற்றைக் கலக்காதீர்கள். மற்ற எலிகள் இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள். முன்னால் இருந்த எலிகளின் அச்ச மணம் ஒட்டியிருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். விளக்கைக் குறைத்து, சில நிமிடம் அவை அமைதியடையக் காத்திருந்து, பின்னர் வாயுவைத் திறக்க வேண்டும்.

அங்கேயே நின்று பாருங்கள். முதலில் எலிகள் மோப்பம் பிடித்து நடமாடும், பிறகு நடை தள்ளாடும், பிறகு சரிந்து படுத்துவிடும், மூச்சு ஆழ்ந்து விட்டுவிட்டு வரும், இறுதியில் நிற்கும். துள்ளலோ கீச்சொலியோ மூடியை நோக்கிய தாவலோ கண்டால் வேகத்தில் பிழை உள்ளது; அடுத்த முறைக்கு முன் கருவியைச் சரிபார்க்க வேண்டும். கடைசி எலியின் மூச்சு நின்ற பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் வாயு ஓடட்டும், அதன்பின் மூடியைத் திறக்காமல் மேலும் பத்து நிமிடமாவது விடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். மூடிய அறை, நிலவறை, கார் நிறுத்தும் சிற்றறை ஆகியவற்றில் இதைச் செய்தால் உங்களுக்கே தலைசுற்றலும் மயக்கமும் ஏற்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். காற்றோட்டமுள்ள இடத்தில், சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு கட்டி வைத்துச் செய்யுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

பத்து நாளுக்குக் குறைந்த குட்டிகளின் நிலை வேறு. பிறந்த நாளிலுள்ள சுண்டெலிக்குட்டி சாவதற்கு 50 நிமிடம் வரை வாயுவிலேயே இருக்க வேண்டியிருக்கும். பெரியவற்றுக்கு எடுக்கும் நேரத்தில் இவற்றையும் வெளியே எடுத்து உறையவைப்பவர்கள், தெரியாமலேயே உயிருள்ள குட்டிகளை உறைவிப்பானில் இடுகிறார்கள். வீட்டு முறைகளில் அடிக்கடி நேரும் கொடுமை இதுதான் என்று கருதுகிறேன். பிங்கி தேவைப்படுபவர்கள் அவற்றை முறையாகச் செய்பவர்களிடம் உறைந்த நிலையில் வாங்கிக்கொள்வதே நல்லது.

கழுத்தெலும்பைப் பிரித்துக் கொல்லும் முறையும் நெறிகளில் உண்டு. சுண்டெலிகளுக்கும் 200 கிராமுக்குக் குறைந்த பெரிய எலி இனத்தவற்றுக்கும் மட்டுமே அது பொருந்தும். தேர்ந்த கையால் செய்யப்படும்போது நொடியில் முடிந்துவிடுகிறது, தேராத கையில் அது வதையாகிவிடுகிறது. எழுத்தைப் படித்துக் கற்கத்தக்கதன்று என்பதால் செய்முறையை இங்கே எழுதவில்லை. கால்நடை மருத்துவர் அருகிலிருந்து, முதலில் இறந்த எலிகளில் பழக்கி, கற்றுக்கொடுக்க வேண்டிய கலை அது. மருத்துவர் ஊசியால் கருணைச் சாவு அளித்த எலியைப் பாம்புக்குக் கொடுக்கவே கூடாது. பென்டோபார்பிட்டால் போன்ற மருந்து உடலில் தங்கிப் பாம்பையும் கொன்றுவிடும்.

எந்த முறையானாலும் சாவை உறுதிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூச்சு நின்றிருப்பது மட்டும் போதாது, வாயுவிலிருந்து எடுத்த எலி சில நிமிடத்தில் மீண்டும் மூச்சுவிடத் தொடங்கலாம். மார்பை இரு விரலுக்கிடையே பிடித்து இதயத் துடிப்பு இல்லை என்று பாருங்கள், கண்மணியை மெல்லத் தொட்டால் இமை அசையக் கூடாது, பின்காலின் விரலை அழுத்தினால் கால் இழுபடக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் இதற்குப் பின் கழுத்தெலும்பையும் பிரித்து ஐயத்துக்கு இடமின்றிச் செய்கிறார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர், உடல் விறைக்கத் தொடங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே குளிரூட்ட வேண்டும்.

படி 5: குளிரூட்டி உறையவைத்தல்

சூடான உடல்களைக் குவியலாக உறைவிப்பானில் இட்டால் நடுவிலுள்ளவை குளிர்வதற்குள் குடல் அழுகத் தொடங்கிவிடும். இளக்கும்போது வயிறு பச்சை படிந்து வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒற்றை அடுக்காகப் பரப்பி, வாலையும் காலையும் நேராக்கி, குளிர்பதனப் பெட்டியில் நன்றாகக் குளிர்ந்த பிறகு, காற்றை வெளியேற்றிய பையில் அடைத்து, எடையும் தேதியும் எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. நாள் செல்லச் செல்லக் கொழுப்பு காறுவதும் வைட்டமின் ஈ குறைவதும் நிற்பதில்லை. வாங்கிய எலிகளானால், பைக்குள் பனிப்படலம் தடித்திருந்தாலும் எலிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் இடையில் ஒரு முறை இளகி மறுபடி உறைந்தவை என்று கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடும்பத்தின் உணவு இருக்கும் உறைவிப்பானில் இவற்றை வைக்காமல் தனிப் பெட்டி ஒன்றை ஒதுக்குவது வெறும் அருவருப்புக்காக அன்று. உறைநிலை சால்மோனெல்லா கிருமியைக் கொல்வதில்லை. 2010-இலும் 2014-இலும் அமெரிக்காவில் உறைந்த இரை எலிகள் வழியாகச் சால்மோனெல்லா மனிதர்களுக்குப் பரவியது பதிவாகியுள்ளது. நோயுற்றவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

படி 6: இளக்கிச் சூடேற்றுதல்

ஊட்டுவதற்கு முந்தைய இரவே எலியைப் பையோடு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் தனிப் பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். சுண்டெலி சில மணி நேரத்தில் இளகும், பெரிய எலிக்கு ஓரிரவு முழுதும் தேவைப்படும். அவசரமானால் பையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாம். கொதிநீரும் மைக்ரோவேவும் வேண்டாம்: வெளித்தோல் வெந்து உள்ளே பனிக்கட்டி நிற்கும், வயிறு வெடிக்கும், வெந்த இறைச்சியின் தன்மையும் மாறிவிடும். வயிற்றையும் மார்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள்; உள்ளே கட்டியாகக் குளிர்ந்த பகுதி இருந்தால் மேலும் காத்திருங்கள். நடுவில் உறைந்த எலியை விழுங்கிய பாம்பு அதைக் கக்கிவிட நேரும்.

முழுவதும் இளகிய பிறகு, 40 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரில் பையோடு பத்து நிமிடம் வைத்தால் உயிருள்ள எலியின் உடல்சூடான 37, 38 டிகிரியை எட்டும். பைத்தான், போவா ஆகியவற்றில் பல இனங்களுக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அவற்றுக்கு இரையாகவே தோன்றாது. தலைப்பக்கம் சற்றுக் கூடுதல் சூடாக இருந்தால் பாம்பு தலையைக் குறிவைத்துப் பிடிக்கும். ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தரைச்சீவல் ஒட்டிப் பாம்பின் வாய்க்குள் போகும். ஒரு முறை இளகிய எலியை மறுபடி உறையவைக்கக் கூடாது.

படி 7: ஊட்டுதல்

ஒன்றேகால் அடிக்குக் குறையாத நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேரே திணிக்காமல், சற்றுத் தொலைவில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பாம்பு பிடித்துச் சுற்றியதும் ஓரிரு முறை லேசாக இழுத்துவிட்டால் இரை போராடுவதாக எண்ணி உறுதியாக இறுக்கும். பிறகு ஓசையின்றி விலகிவிடுங்கள். இரண்டு நாள்களுக்கு அதைக் கையில் எடுக்காதீர்கள், செரிமானத்துக்கு வேண்டிய வெப்ப மூலை சரியான சூட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உயிருள்ள எலிக்கே பழகிய பாம்பு இறந்த எலியை உடனே ஏற்காமல் போகலாம். இங்கேதான் பலர் பொறுமையிழந்து பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். தோல் உரிக்கப்போகும் நாள்களில் முயலாதீர்கள். மாலை இருட்டிய பிறகு, பெட்டியைத் துணியால் மூடி, இன்னும் சற்றுச் சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். எலிகளின் படுக்கைத் தாளில் இளகிய எலியைப் புரட்டி மணமேற்றலாம். பெரிய எலியை மறுக்கும் பாம்பு சுண்டெலியை ஏற்பதுண்டு. மறுத்தால் ஒரு வாரம் விட்டு மீண்டும் முயலுங்கள். என்னிடம் வந்த பால் பைத்தான் ஒன்று ஏழு வாரம் மறுத்துவிட்டு எட்டாம் வாரம், இருட்டில், நான் இடுக்கியை வைத்துவிட்டு அகன்ற பின்பு எடுத்துக்கொண்டது. நலமுள்ள வளர்ந்த பாம்பு சில வாரம் உண்ணாதிருப்பதால் கெடுவதில்லை. வாரந்தோறும் எடை பார்த்து, பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அல்லது பாம்பு குட்டியாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கியதைக் கக்கிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள் ஓய்வு கொடுத்து, அடுத்த முறை சிறிய எலியாகக் கொடுக்க வேண்டும்.

உண்ணாமல் விட்ட எலியை மறுநாள் காலைக்குள் எடுத்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இளக்கிய பாத்திரமும் இடுக்கியும் இந்த வேலைக்கு மட்டுமே இருக்கட்டும். அவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. கையைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியோர், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோர் எலியையோ பாத்திரத்தையோ தொட வேண்டாம். பிறகு ஒரு குறிப்பேட்டில் தேதி, எலியின் எடை, பாம்பு உண்டதா மறுத்ததா என்பதை எழுதி வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் பாம்புக்கு உண்மையில் எத்தனை எலி தேவை என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் எலியையும் வளர்க்கவோ வாங்கவோ வேண்டியதில்லை.